இரண்டு மாதத்துக்கு 712 யூனிட்: எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

கேள்வி (திருச்சியிலிருந்து, வாடகை வீட்டில் வசிப்பவர்)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் இரண்டாம் தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வாடகை வீட்டில், என் தாயார், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள் ஆகியோருடன் வசித்து வருகிறேன். கடந்த ஏப்ரல், மே மாதங்களுக்கான மின் கணக்கீட்டில் 712 யூனிட் பதிவாகி, கட்டணம் ஏறத்தாழ 4,000 ரூபாய் வந்திருக்கிறது. குளிர்காலத்தில் இதே வீட்டில் 380 யூனிட்டுக்கு மேல் போனதில்லை.

வீட்டில் எட்டு ஆண்டுகள் பழைய ஒன்றரை டன் ஏசி ஒன்று, நான்கு மின்விசிறிகள், 260 லிட்டர் ஃப்ரிட்ஜ், தொலைக்காட்சி, வாஷிங் மெஷின், கிரைண்டர், இன்வெர்ட்டர் ஆகியவை உள்ளன. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் எங்கள் இணைப்பிலேயே ஓடுகிறது. விளக்குகள் எல்லாவற்றையும் எல்.இ.டி.க்கு மாற்றி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஏசியை இரவில் ஆறு மணி நேரம் மட்டும், 20 டிகிரியில் வைத்துப் பயன்படுத்துகிறோம். தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. பகல் முழுவதும் வீட்டில் இருப்பதால் அவருடைய அறையில் மின்விசிறி நிற்பதே இல்லை. அவருக்குச் சிரமம் தரும் எதையும் செய்ய எனக்கு மனமில்லை.

பணம் ஒரு காரணம். மற்றொன்று மகள் கேட்ட கேள்வி. பள்ளியில் காலநிலை மாற்றம் குறித்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். "நம் வீட்டு மின்சாரம் எதை எரித்து வருகிறது, நாம் எவ்வளவு எரிக்கிறோம்?" என்று கேட்டாள். என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. வாடகை வீடு என்பதால் கட்டடத்தில் பெரிய மாற்றங்களைச் செய்ய இயலாது. இந்த நிலையில் எதிலிருந்து தொடங்கினால் உண்மையான பயன் கிடைக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (மின் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மதுரை)

அன்பரே, எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் 712 யூனிட் எங்கே செலவாகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். எட்டு ஆண்டுப் பழைய ஏசி, கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதையும் சேர்த்து, மணிக்குச் சராசரியாக 0.9 யூனிட் எடுக்கிறது என்று கொண்டால் 60 இரவுகளுக்கு 324 யூனிட் ஆகும். நான்கு விசிறிகளும் சேர்ந்து ஒரு நாளில் 48 மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்; சாதாரண விசிறி 75 வாட் எடுக்கும்; ஆகவே நாளொன்றுக்கு 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். ஃப்ரிட்ஜுக்கு ஏறத்தாழ 70, மோட்டாருக்கு 35, தொலைக்காட்சிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் 30, துணி துவைத்தல், மாவரைத்தல், இஸ்திரி, விளக்கு ஆகியவற்றுக்கு இன்னொரு 35. கூட்டிப் பார்த்தால் உங்கள் மீட்டர் காட்டும் எண்ணுக்கு மிக அருகில் வருகிறது. ஏசியும் விசிறியும் மட்டுமே முக்கால் பங்கு. மற்றவற்றில் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், இந்த இரண்டைத் தொடாமல் கட்டணம் இறங்காது.

அடுத்ததாக, நம் மாநிலக் கட்டண அமைப்பைப் புரிந்துகொள்வது அவசியம். இது படிக்கட்டு போன்றது. அதில் ஒரு படி மட்டும் மிக உயரமானது. 2022 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது; இருந்தாலும் அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த எண்கள் போதும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கடுத்த 200 யூனிட்டுக்கு 4.50 ரூபாய், கடைசி 100 யூனிட்டுக்கு 6 ரூபாய். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 2.25 ரூபாய் என்ற சலுகையே போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாயாகிவிடும், 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். எனவே 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் வரும். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 600ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 9 ரூபாய். உங்கள் கடைசி 112 யூனிட் அந்த விலையில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. உங்களுடைய 712 யூனிட்டுக்கு இந்த விகிதத்தில் 3,758 ரூபாய் வருகிறது. கீழே நான் சொல்லும்படி விசிறியில் 130, ஏசியில் 100 என மிச்சம் பிடித்து இதையே 482 யூனிட்டாகக் குறைத்தால் 1,617 ரூபாய்தான். பயன்பாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் கட்டணத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். உங்கள் இலக்கு 500 என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

விசிறிகளில் இப்போது பி.எல்.டி.சி. என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது. முழு வேகத்திலும் 28 முதல் 35 வாட் வரைதான் எடுக்கும். நான்கையும் மாற்றினால் கோடையில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் வரை மிஞ்சும். ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் தாயாரின் அறை, கூடம் என அதிக நேரம் ஓடும் இரண்டை முதலில் மாற்றுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் சென்றுவிடலாம் என்பதால் வாடகைக்கு இருப்பவருக்கும் இது வீண் செலவு அன்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய விசிறியை மின்னணு ரெகுலேட்டர் வைத்துப் பாதி வேகத்தில் ஓட்டிவந்தவர்களுக்கு இந்த மிச்சம் இவ்வளவு இருக்காது. கட்டை போன்ற பழைய ரெகுலேட்டராக இருந்தால், வேகம் குறைந்தாலும் அது தன் பங்குக்குச் சூடாகி மின்சாரத்தை வீணாக்கிக்கொண்டிருக்கும். 2023 ஜனவரி முதல் விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஏசியை 20 டிகிரியில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 தொடக்கத்திலிருந்து விற்பனைக்கு வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அதனால்தான் வந்தது. 26 டிகிரியில் வைத்து, விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உடலுக்கு 23, 24 டிகிரி போன்ற சுகம் கிடைக்கும். உங்கள் 324 யூனிட்டில் ஏறக்குறைய நூறு இதிலேயே குறைந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தூசி அடைத்த வடிகட்டியோடு ஓடும் ஏசியை எத்தனை டிகிரியில் வைத்தாலும் அது ஓயாமல் உழைத்துக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 3200 அல்லது 1600. அது 3200 என்றால், ஒரு 75 வாட் விசிறி மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு நான்கு முறை மினுக்கும். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். மினுக்கல் நிற்கவில்லை என்றால், ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் எடுக்கிறது. வயரிங்கில் கசிவு இருந்தாலும் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து உடனே சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அது உயிர் தொடர்பான விஷயம்.

மறுமொழி 2 (இல்லத்தரசி, கோவை)

ஐயா சொன்ன கணக்கு மிகவும் பயனுள்ளது. நாங்களும் மேல்தளத்தில் பதினோரு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவர்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாடி வீட்டில் இரவு பத்து மணிக்கும் வெக்கை அடங்காமல் இருப்பதற்குக் காரணம், பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவில் கீழே விடுவதுதான். உங்கள் ஏசி இரவில் போராடுவது வெளிக்காற்றோடு மட்டும் அன்று, தலைக்கு மேலுள்ள அந்தத் தளத்தோடும்தான். தளத்துக்கு வெள்ளை அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்பட்டுவிடும். விலை உயர்ந்த வெப்பத் தடுப்புப் பூச்சுகள் கடைகளில் உள்ளன. நாங்கள் செய்தது சுண்ணாம்புதான். கல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, வடிகட்டி, பிடிப்புக்குப் பசை கலந்து, தளத்தை நன்றாகப் பெருக்கி நனைத்துவிட்டு, மாலை வெயில் தணிந்த பிறகு இரண்டு அல்லது மூன்று முறை பூச வேண்டும். சுண்ணாம்பு வேகும்போது தெறிக்கும். கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பாதி கரைந்துபோயிருக்கும், ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் மீண்டும் பூச வேண்டும். எங்கள் படுக்கை அறையில் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி, பூசிய வாரத்திலேயே இரவு ஒன்பது மணி அளவில் மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். தளத்தில் விரிசல் விழாமல் காப்பதிலும் அவருக்கு நன்மை உண்டு என்பதால் பொதுவாக மறுக்க மாட்டார்கள்.

அம்மா பகலில் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேற்குப் பார்த்த சன்னலுக்கு வெளிப்புறமாக ஒரு மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுங்கள். உட்புறத் திரைச்சீலையைவிட இது பல மடங்கு நல்லது, ஏனெனில் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போட்டுப் பயனில்லை.

சமையலறையில் மின்சாரத்தைவிட எரிவாயுவில்தான் மிச்சம் பிடிக்க முடியும். துவரம்பருப்பை அரை மணி நேரமும் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்தாலே அடுப்பு எரியும் நேரம் வெகுவாகக் குறையும். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சாதமும் பருப்பும் ஒன்றாக வேகவிடலாம். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கிவிடலாம். சூடான குழம்பை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் கதவு ரப்பரில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; தாள் எளிதாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் கீசர் போடுபவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க 0.35 யூனிட் மின்சாரம் கட்டாயம் வேண்டும். நான்கு பேருக்கு இரண்டு மாதத்தில் 84 யூனிட். கீசரை மறந்து நாள் முழுவதும் போட்டுவைத்தால் அது இன்னும் ஏறும்.

மறுமொழி 3 (சொந்த வீட்டில் சூரிய மின்தகடு அமைத்தவர், சேலம்)

நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். வாடகை வீட்டில் உங்களுக்குச் சூரிய மின்தகடு பொருந்தாது என்றாலும், இதைப் படிக்கும் சொந்த வீட்டுக்காரர்களுக்காக எழுதுகிறேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வேண்டும். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும்.

ஆனால் எல்லோரும் உடனே போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 3 கிலோவாட் அமைப்புக்கு மானியம் போக ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்கு ஐயா சொன்ன கட்டணப்படி 1,125 ரூபாய்தான் வரும். ஆண்டுக்கு 6,750 ரூபாய். அந்தத் தொகை முழுவதும் மிச்சமானாலும் போட்ட பணம் திரும்பப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும். ஆண்டு முழுவதும் 700 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீட்டுக்கு ஐந்து, ஆறு ஆண்டுகளில் திரும்பிவிடும். எனவே முதலில் வீணாவதை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சும் தேவைக்கு ஏற்ப எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்வதே சரி. நான் அவசரப்பட்டு முதலிலேயே பெரிதாகப் போட்டேன். விசிறிகளை மாற்றியிருந்தால் 2 கிலோவாட் போதுமாக இருந்திருக்கும். அந்தக் கூடுதல் செலவை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

மறுமொழி 4 (ஆசிரியை, திருவொற்றியூர்)

உங்கள் மகளின் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிக் காற்றாலைகள், கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள், நீலகிரி நீர்மின் நிலையங்கள் எல்லாம் உண்டு. ஆயினும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியும் மிகப் பெரிய பங்கைத் தருகின்றன. நாடு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. உங்கள் 712 யூனிட்டுக்கு அது ஏறக்குறைய 500 கிலோ. 482ஆகக் குறைத்தால் இரண்டு மாதத்தில் 160 கிலோ குறையும். இந்த எண்களை மகளிடம் கொடுத்து அவளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் தெரியும். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி, பெரும்பாலும் 30 விழுக்காட்டுக்கும் மேல். அந்தச் சாம்பல் எங்கேயாவது கொட்டப்பட்டாக வேண்டும். எண்ணூரில் அது கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, இறாலும் நண்டும் பிடித்து வாழும் மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்ததும், அந்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் எல்லோரும் அறிந்தவை. திருச்சியில் ஒரு விசிறி வீணாகச் சுழல்வதற்கும் இங்கே ஆற்றில் சாம்பல் படிவதற்கும் தொடர்பு உண்டு என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன்.

இன்னொன்று: எந்த நேரத்தில் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிட, ஏசிகள் போடப்படும் அந்த நேரத்தின் தேவையைப் பெரிதும் நிலக்கரியே சுமக்கிறது. 2024 மே 2ஆம் நாள் மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது என்றால், கோடையின் சுமை எத்தகையது என்று பாருங்கள். மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டிவிட்டால் உங்கள் கட்டணத்தில் மாற்றம் தெரியாது. ஆனால் அந்த யூனிட்டுகளில் நிலக்கரியின் பங்கு குறைவாக இருக்கும். உங்கள் தாயார் பகலில் வீட்டில் இருப்பதால் இது உங்களுக்கு எளிது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தவற்றைச் சொல்கிறேன்.

ஐயா சொன்ன மினுக்கல் சோதனையைத்தான் முதலில் செய்தோம், எண்ணியவள் மகள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஐந்து நிமிடத்தில் எட்டு முறை மினுக்கியது. எங்கள் மீட்டர் 3200 வகை என்பதால் அது 30 வாட், இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். செட்டாப் பாக்ஸும் இணையப் பெட்டியும் இன்வெர்ட்டரும்தான் காரணம். அவற்றின் பிளக்குகள் அலமாரிக்குப் பின்னால் இருந்ததால் அணைப்பதற்கு எங்களுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது செட்டாப் பாக்ஸையும் இணையப் பெட்டியையும் இரவில் அணைத்துவிடுகிறோம்.

தாயாரின் அறைக்கும் கூடத்துக்கும் பி.எல்.டி.சி. விசிறிகள் வாங்கினோம். ரிமோட் இருப்பதால் எழுந்து போய் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை என்று தாயார் மகிழ்ச்சியாகவே இருக்கிறார். ஏசியை 26 டிகிரியில் வைத்து விசிறியோடு பயன்படுத்துகிறோம். முதல் இரண்டு இரவுகள் மகளுக்குப் புழுக்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வடிகட்டியைக் கழற்றியபோது அதில் படிந்திருந்த தூசியைப் பார்த்து எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. தட்டி இன்னும் வாங்கவில்லை. மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் நண்பகலில் தாயார் ஓட்டுகிறார்.

21 நாட்களில் 176 யூனிட் ஆகியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் 60 நாட்களுக்கு 503 யூனிட் வரும். முன்பு நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட்டை நெருங்கியது இப்போது 8.4 ஆகியிருப்பதில் பருவம் சற்றுத் தணிந்ததற்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று யூனிட்டுக்காக அந்த உயரமான படியில் ஏற எங்களுக்கு விருப்பமில்லை. வீட்டுக்காரரிடம் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது குறித்துப் பேசினேன். சுண்ணாம்புக்கான செலவை அவர் ஏற்றுக்கொள்வதாகவும், ஆள் கூலியை நாங்கள் பார்த்துக்கொள்வதாகவும் முடிவாகியிருக்கிறது. மழை இல்லாவிட்டால் வரும் ஞாயிறு மாலை பூசுகிறோம். அதற்கடுத்த ஏழு நாட்களின் மீட்டர் அளவை மகள் குறித்துவைப்பாள்; அதை இங்கே எழுதுகிறேன்.